ராக்கப்பன் அண்ணனின் மெடிக்கல்

ராக்கப்பன் அண்ணனைப் பற்றிக் கோபப்படாமல் சொல்ல எனக்கு வராது. ஐந்து வருஷம் ஒரே அறை. அவர் கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். கீழே ஒரு மனிதர் இருமினால் மேலே படுத்திருப்பவனுக்குக் கட்டிலோடு சேர்ந்து உடம்பும் ஆடும். அப்படி ஆடி ஆடித் தூங்கினவனுக்குக் கோபப்படும் பாத்தியதை உண்டா இல்லையா?

அரபு நாட்டில், ராஸ் அல் கைமாவில் மலையை வெடி வைத்துப் பெயர்த்து, அரைத்து, ஜல்லியாக்கிக் கப்பலேற்றும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே எலக்ட்ரீஷியன். பெயர் கிளிட்டஸ், ஊர் கன்னியாகுமரிக் கடற்கரையில் கடியப்பட்டணம். அண்ணன் முதுகுளத்தூர்ப் பக்கம், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்லரைக்கும் கிரஷரில் வேலை. நான் 2002-ல் அந்த அறைக்குப் போனபோதே அவர் கேம்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரோடு ஒரே விமானத்தில் வந்த வேலுச்சாமி என்பவர் விசா கேன்சலாகி ஊருக்குப் போய்விட்டார். அவர் இருந்தவரை இரண்டு பேரும் ஒரு சிகரெட்டை ஆளுக்குப் பாதியாகக் குடிப்பார்களாம். அவர் போனபிறகு அண்ணன் முழுசாகக் குடித்தார். அறையில் மீதிப் பேர் எல்லாம் பிகார்க்காரர்கள். அண்ணனுக்கு இந்தி வேலைக்கு வேண்டிய அளவுதான். ஜல்தி, பந்த் கரோ, அச்சா. அதை வைத்துக்கொண்டு எவனிடம் போய் மனசில் உள்ளதைச் சொல்வது?

டூட்டி முடிந்து குளித்துச் சாப்பிட்டதும் கேம்ப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே புல் பூண்டு இல்லாத மலை. பகலெல்லாம் உடைத்த அதே மலையைச் சாயங்காலமும் பார்த்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைப்பார்.

முதல் வாரமே நான் வாயைக் கொடுத்தேன். "அண்ணே, நாள் முழுக்கத் தூசியத் திங்கிதீங்க. அது போதாதுன்னு இந்தச் சவத்தயும் வேற இழுக்கணுமா?"

"அந்தத் தூசிக்காகத்தேன் தம்பி இதைக் குடிக்கிறதே. தூசி உள்ள போய்ப் படிஞ்சிருதுல்ல, புகை போயித்தேன் அதக் கெளப்பிவிடும். காலையில ஒண்ணு பத்த வச்சாத்தேன் சளி கழண்டு விழுகுது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? விழுகுதே."

இப்படி அவரிடம் நிறைய இருந்தது. வெள்ளைப் பாக்கெட்டுக்கு மாறியது அது 'லைட்டு', கெடுதல் குறைவு என்பதால். ராத்திரி ஒரு வாழைப்பழமும் வெல்லத்துண்டும் தின்றால் நெஞ்சிலிருக்கும் அழுக்கெல்லாம் வயிற்றுக்கு இறங்கிக் காலையில் போய்விடும். ஊரில் அவருடைய பெரியப்பா ஒருத்தர் சுருட்டோடு தொண்ணூறு வயது வரை இருந்தார். இந்தப் பெரியப்பாவை எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒங்க பெரியப்பாகூட இருந்து சுருட்டுக் குடிச்சானுவல்லா, அவனுவ எல்லாம் எங்க? அவனுவள எண்ணிப் பாத்தீங்களா?" என்றேன். அண்ணன் புகையை மெதுவாக விட்டு, "அவுகளுக்கெல்லாம் விதி," என்றார். பெரியப்பா பிழைத்தது சுருட்டால், மற்றவன் செத்தது விதியால். இந்தக் கணக்கை எந்த வாத்தியார் திருத்துவது?

இதெல்லாம் சில்லறை. அவருடைய பெரிய கோட்டை மெடிக்கல்.

அந்தக் காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விசா புதுப்பிக்க வேண்டும். அதற்கு மெடிக்கல் உண்டு. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். நெஞ்சில் ஏதாவது நிழல் தெரிந்தால் கலாஸ், கதை முடிந்தது, அடுத்த விமானத்தில் ஊர். அந்தப் பயத்தில் எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மெடிக்கலுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னாலேயே சிகரெட்டை அடியோடு நிறுத்திவிடுவார்கள். சபரிமலைக்கு விரதம் இருப்பதுபோல. பெயரும் அதேதான், 'மாலை போட்டாச்சு' என்பார்கள். பாலும் வெல்லமும் வாழைப்பழமுமாக ஓடும். பாஸ் என்று ரிசல்ட் வந்ததும் தொட்டியருகே எல்லோரும் கூடி மாலையைக் கழற்றுவார்கள், அதாவது பற்றவைப்பார்கள்.

2003-ல் அண்ணன் மாலை போட்டதை நான் முதல்முறை கண்ணால் பார்த்தேன். நான் ஒரு வருஷம் தொண்டை வற்றக் கத்தியும் ஒன்றைக்கூடக் குறைக்காத மனிதர், ஒரே நாளில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு ஒன்றரை மாதம் தொடவில்லை. பாஸ் ஆனார். அன்று சாயங்காலம் தொட்டியருகே முதல் புகையை இழுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வா தம்பி. நீ என்னமோ நெஞ்சு கெட்டுப்போகும், நொரையீரல் வெந்துபோகும்னு சொன்னியே. கவர்மெண்டே படம் புடிச்சுப் பாத்து ஒண்ணுமில்லேன்னு முத்திரை குத்திருச்சு. ஒன் பேச்சக் கேக்கவா, கவர்மெண்டு பேச்சக் கேக்கவா?"

அது எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது.

பாஸான நெஞ்சு ஒரு வருஷம் தாங்கவில்லை. கிரஷருக்கு இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். அண்ணன் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவர் மூச்சு வாங்குவது எனக்குத் தெரியாதா? பேசும்போது வாக்கியத்தின் நடுவில் காற்றுக்காகக் காத்திருப்பார். சிகரெட்டை அவர் விட வேண்டும், இல்லையென்றால் நெஞ்சு அவரை விட்டுவிடும். விஷயம் அவ்வளவுதான். எனக்கு அது தினமும் கண் முன்னால் நடந்தது.

வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு; அன்றைய பூசைக்குப் போகும் சர்ச்சில் எனக்கு அருள்செல்வியைத் தெரியும். இடிந்தகரைப் பெண். இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அண்ணனை வம்படியாக அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சையும் சேர்த்து ஊதச் சொன்னாள். உள்ளே ஒரு முள் நகரும். அண்ணன் ஊதியபோது அது எழுந்திருக்க மனமில்லாத ஆள் மாதிரி கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, ஒங்க மூச்சு எழுவது வயசுக்காரரு மூச்சு மாதிரி இருக்கு. சிகரெட்ட விட்டுருங்க," என்றாள்.

"மெடிக்கல்ல பாஸ் ஆயிருக்கேம்மா."

"அந்த மெடிக்கல் வேற, அண்ணாச்சி. அது மத்தவங்களுக்குத் தொத்துற சீக்கு இருக்கான்னு பாக்கதுக்கு. காசநோய் இருக்கான்னு பாப்பாங்க. புகை ஒங்கள என்ன செஞ்சிருக்குன்னு அதுல யாரும் பாக்க மாட்டாங்க. அது அவங்க வேலையும் இல்ல."

அண்ணன் எழுந்து டாக்சிக்கு நடந்தார். ஒரு கோட்டை இடிந்தால் மனிதன் வெளியே வருவான் என்று நான் நினைத்தேன். கேம்ப்பில் இறங்கியதும் நேரே தொட்டியருகே போனார். நான் பின்னாலேயே போனேன்.

"இப்பவுமா?" என்றேன்.

"எழுவது வயசு மூச்சுன்னு சொல்லிருச்சுல்ல. கெட்டது கெட்டுப்போச்சு. இனி நிறுத்தி என்னத்துக்கு ஆகப்போகுது? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

எனக்கு வந்ததே கோபம். நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை, அதனால் குடிக்கலாம். இன்றைக்கு எல்லாம் ஆகிவிட்டது, அதனால் குடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே விடுவதற்கென்று ஒரு நாள்கூட இவருக்கு வாய்க்காதா?

"அண்ணே, நான் கடல்கரையில பொறந்தவன். எங்ககிட்ட வெள்ளக் கணக்குச் சொல்லாதீங்க. சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதான் மூக்கு இருக்கு."

பாக்கெட்டைப் பிடுங்கித் தொட்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டு அறைக்கு வந்தேன். அவர் எழுந்துபோய்த் தேடிப் பொறுக்கிக்கொண்டார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது என்று ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதன்பிறகு முன்னைவிட அதிகம் குடித்தார்.

ஊரில் அவர் மனைவி சரோஜா. ஒரே மகள் சந்தியாவைக் கட்டிக்கொடுத்தபின் அந்த அம்மாவும் வீட்டில் தனி. வெள்ளிக்கிழமைகளில் போன் கார்டு போட்டுப் பேசுவார்கள். ஒருநாள் அண்ணனுக்குப் பேச்சின் நடுவே இருமல் வந்து நிற்கவில்லை, போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

"தம்பி, அவுக இருமுறது இங்க வரைக்கும் கேக்குது," என்றது அந்தக் குரல். "சிகரெட்ட விட்டா என்னங்கன்னா, இனிமே விட்டு என்னத்துக்குங்கிறாக. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கூடவே இருந்தா கையப் புடிச்சு வாங்கி எறிஞ்சிருவேன். போன்ல எப்படித் தம்பி எறியிறது?"

நான் எறிந்து பார்த்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

2006-ல் மறுபடி மெடிக்கல் வந்தது. அண்ணன் மாலை போட்டார். இந்தத் தடவை நான் அருள்செல்வியிடம் சொல்லி, மாலை போட்ட அன்றைக்கு ஒரு தடவை, மெடிக்கலுக்கு முந்தின நாள் ஒரு தடவை அவரை ஊத வைத்தேன். இரண்டாவது தடவை முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. பெரிய தூரமில்லை. ஆனால் தாண்டியது.

"பாத்தீங்களா அண்ணாச்சி. போனது திரும்ப வராது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிச்சம் இருக்குல்லா, அதக் காப்பாத்தலாம். இத்தன நாள்லயே இவ்வளவு வித்தியாசம்."

அண்ணன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவரே சொன்னார். "நேத்து படியில நிக்காம ஏறிட்டேன் தம்பி. ஏறினதுக்கப்பறந்தேன் நிக்கலேன்னு தெரிஞ்சுச்சு." அந்தச் சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒழிந்தது சனியன் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

பாஸ் ஆனார். அன்று தொட்டியருகே எல்லோரும் மாலை கழற்றினார்கள், அவர் போகவில்லை. பிகார்க்காரர்கள் இந்தியில், "அண்ணன் சாமியார் ஆயிட்டார்," என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு வாரம் போயிருக்கும். சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். வாளிமேல் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"கெடுதல்னு தெரியும் தம்பி," என்றார். "இப்ப நல்லாத் தெரியும். விட்டா நல்லதுன்னும் தெரியும். முள்ளுதேன் காட்டிக்குடுத்துருச்சே."

"பெறகு?"

"மாலை போட்டிருந்தா முன்னாடி ஒரு நாளு இருக்கு. அந்த நாளைப் பாத்து நடந்துக்கிட்டிருப்பேன். இன்னிக்கு முடிஞ்சிச்சு, இன்னிக்கு முடிஞ்சிச்சுன்னு. பாஸாயிட்டா அந்த நாளும் போயிருதுல்ல. குளிச்சுச் சாப்புட்டு இங்கன வந்து உக்காந்தா, கையில ஒண்ணுமில்ல. என்னைய யாரு கேக்கப்போறா? இதப் பத்த வச்சா, அணையிற வரைக்கும் ஒண்ணு கூட இருக்கு. அம்புட்டுத்தேன்."

நான் இத்தனை வருஷமும் அவருடைய அறிவோடு சண்டை போட்டிருக்கிறேன். பெரியப்பாவோடும் வாழைப்பழத்தோடும் கவர்மெண்டு முத்திரையோடும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். எல்லாம் விழுந்தபிறகு பார்த்தால் பின்னால் ஒரு மனிதர் தனியாக வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. வந்த கோபத்தில் அதையும் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சர்ச் வாசலில் அருள்செல்வியைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவரை மாலை போட்டபடியே வைத்திருக்க வேண்டும், அதற்கு மெடிக்கல் வேண்டும். அரசாங்கம் மூன்று வருஷத்துக்கு ஒன்றுதான் வைக்கிறது, நாம் நடுவில் வைத்தால் என்ன? அவள் முதலில் மறுத்தாள். பிறகு, "நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. வந்தா ஊதச் சொல்லுவேன், அடுத்தாப்ல என்னைக்கு வரணும்னு சொல்லுவேன். மத்ததெல்லாம் ஒங்க பாடு," என்றாள்.

என் பாடுதானே, அளந்துவிட்டேன். கம்பெனியில் புதுச் சட்டம், கிரஷரில் வேலை செய்பவர்களுக்கு 'டஸ்ட் மெடிக்கல்', குழாயில் முள் இறங்கினால் விசாவிலே கைவைப்பார்கள் என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "எப்பன்னு சொன்னாக?" என்றார். தேதி சொன்னேன். கையிலிருந்ததைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

அதன்பிறகு ஒரு மெடிக்கல் முடிந்தால் அடுத்த மெடிக்கல். வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, டாக்சியில் முன்னால் உட்கார்ந்து வருவார். அருள்செல்வி, "சேத்து ஊதுங்க அண்ணாச்சி, இன்னும், இன்னும்," என்பாள். முள் கொஞ்சம் ஏறும், சில தடவை அப்படியே நிற்கும், இறங்கவில்லை. திரும்பும் வழியில் மலையாளி கடையில் டீ. ஊர்க்கதை, சரோஜா சொன்ன கதை, சந்தியாவின் பிள்ளை நடக்க ஆரம்பித்த கதை. ஒரு வருஷத்துக்கும் மேல் அவர் சிகரெட்டைத் தொடவில்லை. என் கட்டில் ஆடாமல் நின்றது.

2007 கடைசியில் எனக்குப் பக்கத்து நாட்டில், தம்மாமில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போகாமல் இருக்க முடியாது, வீட்டில் நிலைமை அப்படி. அண்ணன் பெட்டியைக் கட்ட உதவினார். "நல்லா இரு தம்பி," என்றார். போய்ச் சேர்ந்த அலைச்சலில், புது சைட், புது ஆட்கள் என்று நாட்கள் ஓடிவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது மொபைல் அடித்தது.

"தம்பி, ராக்கப்பன் பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே. சுகமா இருக்கீங்களா?"

"சுகந்தேன். அடுத்த மெடிக்கலுக்குத் தேதி சொல்லாமப் போயிட்டியேப்பா."

"அருள்செல்வி சொல்லலியா?"

"அந்தப் புள்ளை பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருச்சாம்ல. போயி நின்னேன். புதுசா ஒரு புள்ளை இருக்கு. டஸ்ட் மெடிக்கல்னேன். அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுன்னுச்சு."

"அண்ணே, அது வந்து..."

"விடு தம்பி. எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். கிரஷர்ல இம்புட்டுப் பேரு இருக்கோம், என்னைய மட்டுமா ஊதச் சொல்லுவாக?"

"பெறகு ஏம்ணே வந்தீங்க?"

"நீ டாக்சியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. அங்கன ஒரு புள்ளை, அண்ணாச்சி வருவாரு ஊதணும்னு காத்துக்கிட்டிருக்கு. எப்படிப்பா வராம இருக்கிறது?"

"இப்ப எப்படி இருக்கு? தொட்டீங்களா?"

"தொடல. இன்னிக்கு வாங்கிட்டேன். சட்டைப்பையில இருக்கு, பிரிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு தேதி சொல்லு தம்பி. சும்மா ஒரு தேதி."

கையெல்லாம் சோப்பு. மொபைலைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "வர்ற மாசம் கடைசி வெள்ளி," என்றேன். "நீங்க எங்கயும் போவாண்டாம். நான்தான் கூப்பிடுவேன். போன்லயே ஊதணும்."

"நெசமாக் கூப்புடுவியா?"

"மாதா சத்தியமாக் கூப்பிடுவேன்."

"சரி. இப்ப ஒரு தடவை ஊதிக் காட்டவா?"

ஊதுங்க என்றேன். அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது, நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பிறகு ஊதினார். தம்மாமில் குழாயடியில் நின்றுகொண்டு, அது தீரும் வரை கேட்டேன். தீர்ந்ததும் இருமினார். இருமி முடித்துவிட்டு, "பாஸா தம்பி?" என்றார்.

பாஸ் என்றேன். பாக்கெட்டைத் தொட்டிக்குப் பின்னால் எறியச் சொன்னேன். எறிந்த சத்தம் கேட்கவில்லை, எறிந்துவிட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டேன். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.